மண் படாத பண்பாடு

"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!" நம் இல்லங்களில் இவ்வசையைக் கேளாது வளர்ந்த பிள்ளைகள் மிகச் சிலரே. மதிப்பெண் குறைந்தாலும் இதுதான்; பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாலும் இதுதான். சொல்லும் தந்தை ஐவேளையும் தொழுபவராக இருப்பார். அருகில் அமர்ந்து கேட்டிருக்கும் பாட்டனாரோ இளமையில் ஏர் பிடித்தவராக இருப்பார். ஆடு மேய்க்காத நபி எவருமிலர் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்ததும், மக்காவாசிகளின் ஆடுகளைத் தாமும் மேய்த்ததாகக் கூறியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. நபிமார்கள் செய்த வேலையைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டியாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது வெறும் வாய்ப்பழக்கந்தானே, இதற்கு இத்தனை சினமா என்று சிலர் கேட்கலாம். சினந்தான். ஏனெனில், மண்ணைத் தொடுபவன் பட்டிக்காட்டான், தொடாதவன் பண்பட்டவன் என்னும் தீர்ப்பு அந்த ஒரு வாக்கியத்தினுள் ஒளிந்து கிடக்கிறது. அத்தீர்ப்பு 'பண்பாடு' என்ற சொல்லுக்கே நேர்மாறானது.

கல்லும் கட்டியுமாகக் கிடக்கும் தரையை உழுது, களை நீக்கி, எருவிட்டு, விதைப்புக்கு ஏற்றதாக்குவதையே நிலத்தைப் பண்படுத்துதல் என்கிறோம். மனத்தைப் பண்படுத்துதல் என்பது அங்கிருந்து வந்த பேச்சு. 'பண்பாடு' என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். மேலைநாட்டார் வழங்கும் 'கல்ச்சர்' என்பதும் உழவைக் குறித்த இலத்தீன் சொல்லே. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய நூலொன்றில், தத்துவத்தை உள்ளத்தின் உழவாக உருவகித்தார். உழுத நிலமெல்லாம் விளைந்துவிடுவதில்லை என்று எச்சரிக்கவும் அவர் மறக்கவில்லை. இக்கால அரபியர் பண்பாட்டுக்கு வழங்கும் 'ஸகாஃபா' என்ற சொல்லோ, ஈட்டிக் கம்பின் கோணலை நிமிர்த்தும் தொழிலோடு உறவுடையது. அங்கும் கைவேலைதான் முன்னே நிற்கிறது.

நாம் அன்றாடம் ஐந்து முறை கேட்கும் பாங்கொலிக்கு வருவோம். 'ஃபலாஹ்' நோக்கி வாருங்கள் என்று முஅத்தின் அழைக்கிறார். வெற்றி, ஈடேற்றம் என்று அதற்குப் பொருள் சொல்கிறோம், சரியே. ஆயின் அதன் வேர் பிளத்தலையும் உழுதலையும் குறிப்பது. அதே வேரில் பிறந்த 'ஃபல்லாஹ்' என்பது உழவனுக்குப் பெயர். திருமறையின் 'அஷ்ஷம்ஸ்' அத்தியாயத்தில் 9, 10 ஆகிய வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஆன்மாவைத் தூய்மைப்படுத்தியவன் பெறும் வெற்றிக்கு இந்த வேர்ச்சொல்லே ஆளப்படுகிறது. தூய்மைப்படுத்தலைக் குறிக்கும் சொல்லுக்கு வளர்த்தல் என்ற பொருளும் உண்டு. தோற்றவனின் செயலைக் கூறும் சொல்லோ, மறைத்துப் புதைப்பதைக் குறிப்பது. உழவும் வளர்ச்சியும் புதைத்தலும் சேர்ந்து நிற்கும் அவ்வசனங்களை ஓதிவிட்டு வந்து, உழவனின் மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கூட்டமும் உண்டு. முப்பது நாளில் ஆளுமை, மூன்று அமர்வில் தன்னம்பிக்கை என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்குவோர் அவர்கள். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இவர்களுக்கு என்றோ விடை சொல்லிவிட்டார். 'இஹ்யா'வில் அச்சத்தையும் ஆதரவையும் பற்றிய பகுதியில் உள்ளத்தை நிலமாகவும், ஈமானை விதையாகவும், வழிபாட்டை உழவும் நீர்ப்பாய்ச்சலுமாகவும் அவர் வருணிக்கிறார். நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு, நீர்பாய்ச்சி, களையெடுத்தபின் இறையருளை எதிர்பார்ப்பவனிடம் உள்ளதே நம்பிக்கை. உவர்நிலத்தில் விதையை எறிந்துவிட்டுப் பக்கமே திரும்பாமல் விளைச்சலுக்குக் காத்திருப்பது ஏமாளித்தனம். நல்ல நிலந்தான், ஆனால் நீரில்லை, மழைக்கும் வழியில்லை என்ற நிலையில் அறுவடையை எண்ணியிருப்பது வெறும் ஆசை. முப்பது நாள் வகுப்பு இம்மூன்றில் எதைச் சேர்ந்தது என்பதைக் கட்டணம் கட்டியவர்களே முடிவு செய்யட்டும்.

நம் முன்னோரில் கல்வியும் கலப்பையும் பகைத்துக்கொண்டதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் பெருநூலை எழுதினார். 500-க்கும் மேற்பட்ட செடிகொடிகளையும், ஒட்டுக்கட்டுதலையும், எரு வகைகளையும் விரிவாகப் பேசும் நூல் அது. கிரேக்கர் முதலான முன்னோர் கூற்றுகளை எடுத்தாண்டதோடு, தாமே வயலில் செய்து கண்டவற்றையும் சேர்த்து எழுதினார் அவர். முஸ்லிம் ஆட்சி அங்கே மறைந்து மூன்று நூற்றாண்டு கழிந்தபின், 1802-இல், மாட்ரிடில் அதனை ஸ்பானிய மொழியில் பெயர்த்து அச்சிட்டார்கள். ஆட்சி வேண்டாதவர்களுக்கும் அந்த அறிவு வேண்டியிருந்தது! நம் மதரஸாக்களில் எத்தனை மாணவர் அப்பெயரைக் கேட்டிருப்பார்?

உழவில் வருமானம் இல்லையே, பிள்ளை படித்து முன்னேற வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. பிள்ளைகள் படிக்கட்டும், மருத்துவராகட்டும், வெளிநாடும் செல்லட்டும். ஒரு தொழிலில் வருவாய் குறைவு என்பது வேறு, அதைச் செய்பவன் குறைந்தவன் என்பது வேறு. முதலாவது சந்தையின் கோளாறு. இரண்டாவது நம் நெஞ்சின் கோளாறு. விலைவாசியைத் திருத்த நம்மால் இயலாமற் போகலாம். நாவைத் திருத்தவுமா இயலாது?

உழைப்பின் எடையை ஷரீஅத் அறிந்திருக்கிறது. மழையாலும் ஊற்றாலும் தானே விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. வியர்வை கூடினால் கடமை பாதியாகிறது. அறுவடை நாளிலேயே அதற்குரியதைக் கொடுத்துவிடுமாறு 'அல்அன்ஆம்' அத்தியாயத்தின் 141-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எவ்வளவு விளைந்தால் கடமை, குத்தகை நிலத்தில் யார் கொடுப்பது என்பவற்றில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ரமளானில் நகைக்கும் ரொக்கத்துக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பங்களில், களத்து நெல்லுக்குக் கணக்குப் பார்ப்பவர் எத்தனை பேர்? மோட்டார் வைத்து இறைத்து விளைவித்த வயலாயின், இருபது மூட்டைக்கு ஒரு மூட்டை. அது வீட்டுக்கு வருமுன் களத்திலேயே பிரித்து வைக்கப்பட வேண்டியது.