சுருக்கை அறுத்த பின்

2020 மே 26 அன்று, இலங்கை மலையகத்தில் நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் கழுத்து இறுகிக் கிடந்த கருஞ்சிறுத்தை உயிருடன் மீட்கப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் மே 29 அன்று அது மாண்டது. மீட்ட உயிர் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்விக்கு, சுருக்கில் சிக்கும் விலங்குகளின் காயத்தோடு தசையையும் பார்த்தே விடை தேட வேண்டும்.

சிக்கிய விலங்கு விடியும்வரை இழுத்துத் திமிறுகிறது. உயிர்வளி எட்டாத தசை, சேமித்த கிளைக்கோஜனைக் கரைத்து இலக்டிக் அமிலத்தைப் பெருக்குகிறது. தசை சிதையும்போது வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். அதோடு கசியும் மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர்போல் கறுத்து இறங்கும். கம்பியை வெட்டிச் சில நாள் சென்றும் சாவு வரலாம்.

இந்நிலையில்தான் அழுகிய சதையை அகற்றக் கத்தி வைக்க நேர்கிறது. அறுவையும் உடலுக்கு ஒரு காயமே. எலும்பு முறிந்தபின் சிறுநீரில் நைதரசன் மிகுதியாக வெளியேறுவதையும், அது உடலெங்குமுள்ள தசையின் இழப்பு என்பதையும் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930களில் நோயாளரிடமும் எலிகளிடமும் ஆராய்ந்து காட்டினார். காயமுற்ற உடலில் கோட்டிசோல் என்னும் இயக்குநீர் மிகும், இன்சுலினுக்குத் தசை இணங்காது, தசைப் புரதம் உடைந்து, அலனினாகவும் குளூட்டமினாகவும் கல்லீரலுக்கும் குடலுக்கும் செல்லும். காயம் ஆறுவதற்கான விலையைத் தசையே கொடுக்கிறது. பூனையினமோ பட்டினியிலும் புரதச் செலவைப் பெரிதும் குறைத்துக்கொள்ள இயலாதது. தசை கரைந்த சிறுத்தை பிழைத்தாலும் எப்படி வேட்டையாடும்?

ஆகவே, பிடித்த இடத்திலேயே இரத்தத்தின் அமிலத்தையும் பொட்டாசியத்தையும் அளந்து, நாளத்தில் நீர் ஏற்றி, உடற்சூட்டைத் தணித்த பின்னரே அறுவையைப் பற்றி எண்ண வேண்டும். நெடும் மலைப்பாதைப் பயணமும் மற்றொரு வதையே. ஆகவே அறுவைக்கான வசதிகள் அட்டனிலோ நுவரெலியாவிலோ, தோட்டங்களுக்கு எட்டும் தூரத்தில் அமைய வேண்டும்.

பன்றி கிண்டிய மரக்கறிப் பாத்தியைக் காக்கச் சுருக்கு வைக்கும் தொழிலாளியை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியன்று. அவருடைய பயிருக்கு வேலியும், அழிந்த பயிருக்கு இழப்பீடும் கிடைக்கட்டும். தேயிலை மலையின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர் அவரே. சுருக்குகளைத் தேடி அகற்றும் பணியைத் தோட்ட நிருவாகங்கள் அவரிடமே ஒப்படைத்து, அந்நாளுக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட வேண்டும்.