மன்னிப்பும் மோதிரமும்

ஊதாரி மைந்தன் வீடு திரும்பியபோது தந்தை அவனை ஓடிச்சென்று தழுவிக்கொண்டதை நாம் மறப்பதில்லை. அத்தழுவலுக்குப் பின் அவர் செய்தவற்றை அவ்வளவாக ஊன்றிக் கவனிப்பதில்லை. மேலாடை உடுத்தச் செய்தார். காலுக்கு மிதியடி தந்தார். விரலில் மோதிரம் அணிவித்தார். தழுவல் மன்னிப்பின் அடையாளம். மோதிரமோ, வீட்டில் அவனுக்குரிய இடம் மீண்டும் அவனுக்கே என்பதன் அடையாளம். மன்னிப்பிலிருந்து மோதிரத்திற்கு உள்ள தூரம் பெரிது. அத்தூரத்தை இத்திங்கள் ஓர் இசைத்தட்டின் துணைகொண்டு அளந்து பார்ப்போம்.

ஜோ பாஸ் என்னும் கிட்டார்க் கலைஞர் 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்து, பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரில் வளர்ந்தவர். தந்தை சிசிலித் தீவிலிருந்து குடியேறி, எஃகு ஆலையில் உழைத்தவர். ஒன்பது வயது மகனின் கையில் கிட்டாரைக் கொடுத்து, நாள்தோறும் பல மணி நேரம் பழகும்படி கண்டிப்புடன் வளர்த்தார். உழைப்பு வீண்போகவில்லை, பையன் இளமையிலேயே மேடையேறினான். ஆனால் இளைஞனான பின் ஹெராயின் என்னும் நஞ்சு அவனைப் பற்றிக்கொண்டது. 1950-களின் பெரும்பகுதியை அது விழுங்கிற்று. கைது, சிறை, டெக்சாஸ் மாநிலத்துப் ஃபோர்ட் வொர்த் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கான வாசம் என்று, ஒரு கலைஞன் வளரவேண்டிய காலமெல்லாம் கரைந்துபோயிற்று.

பின்னர் அவர் கலிபோர்னியாவில் சினனான் என்னும் மறுவாழ்வு இல்லத்தை அடைந்தார். போதைக்கு அடிமைப்பட்டோர் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்த இடம் அது. அங்கே வாழ்ந்தவர்களே ஒரு குழுவாக வாசித்த இசைத்தட்டு 1962-இல் வெளிவந்தது. ஜோ பாஸின் திறமையை உலகம் அறிந்தது அதன் வழியாகவே. அப்போது அவரிடம் சொந்தக் கிட்டார்கூட இல்லை. இல்லத்துக்குரியதை எடுத்தே வாசித்தார். அதைக் கண்ட ஒருவர் பின்னர் ஜாஸ் இசைக்கேற்ற நல்ல கிட்டார் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். மோதிரம் விரலேறிய நாள் அதுவே என்பேன். சினனான் பிற்காலத்தில் தலைவரின் தனியாதிக்கத்திற்கும் வன்முறைக்கும் இரையாகி, 1991-இல் கலைந்துபோனது. ஆகவே நாம் புகழ்வது அந்நிறுவனத்தை அன்று. வீழ்ந்தவனின் கையில் மீண்டும் வாத்தியத்தைக் கொடுத்த செயலையே.

1964-இல் ஜோ பாஸ் ‘ஃபார் ஜாங்கோ’ என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். நெருப்பில் வெந்த இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் தமக்கென ஒரு வாசிப்பு முறையை வகுத்துக்கொண்ட ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு அது காணிக்கை. ஜாங்கோவின் மெட்டுகளோடு ஜாஸ் உலகில் ‘ஸ்டாண்டர்டு’ எனப்படும் பழம்பாடல்களும் அதில் உண்டு. பெரும்பாலும் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் பிறந்து, எல்லாக் கலைஞருக்கும் பொதுச்சொத்தான பாடல்கள் அவை. முதலில் மெட்டை உள்ளபடி வாசிப்பர். பின் அதன் அடிப்படையை விடாமல் தம் கற்பனையை விரிப்பர். முடிவில் மெட்டுக்கே திரும்புவர். நம் கச்சேரியில் நிரவலும் கற்பனைச் சுரமும் முடிந்து பல்லவிக்கு வந்து சேர்வதைப் போன்றது அது.

இவ்வாறு விரிந்து சென்று திரும்புவதற்குப் பிறர் துணை வேண்டும். அவ்விசைத்தட்டில் பேஸ் வாசித்தவர் ஜிம் ஹியூகார்ட். டிரம்ஸ் வாசித்தவர் காலின் பெய்லி. இன்னொரு கிட்டாரும் உண்டு. அதை வாசித்த ஜான் பிசானோ, சிகோ ஹாமில்டன் குழுவில் முன்னரே பெயர் பெற்றவர். அவர் இங்கே பின்னின்று தாளம் தாங்கினார். ஒரே வாத்தியத்தில் தேர்ந்த இருவர் சேர்ந்தால் போட்டி எழுவது இயல்பு. இங்கோ ஒருவர் தரையாக நின்றார், மற்றவர் அதன்மேல் நடந்தார். கேட்பவர் செவி முன்னே செல்பவரைத் தொடரும். பின்னிற்பவர் ஒரு நொடி கைவிட்டாலும் அந்நடை தடுமாறிப்போகும்.

1973-இல் ஜோ பாஸ் துணை எவருமின்றி, ஒரே கிட்டாரால் ஓர் இசைத்தட்டையே நிரப்பிப் பெரும்புகழ் எய்தினார். தனித்து நிற்க வல்லவர் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. ஆயினும் 1989-இலும் 1990-இலும் அதே நால்வரும் மீண்டும் ஒன்றுகூடிப் பதிவு செய்தனர். முதல் பதிவுக்கும் இதற்கும் இடையே 25 ஆண்டுகள்! 1994-இல் ஜோ பாஸ் மறைந்தார்.

வாசகப் பெருமக்களே, ஊதாரி மைந்தனின் உவமையில் மூத்த மகன் விருந்துக்குள் சென்றானா என்பது சொல்லப்படவில்லை. அவ்விடையை ஒவ்வொரு குடும்பமும் எழுதிக்கொள்ளட்டும் என்றே ஆண்டவர் விட்டுவிட்டார் போலும். மதுவை விட்டுத் திரும்பிய தகப்பனையும், சிகிச்சை முடித்து வந்த மகனையும் நம் வீடுகள் ஏற்றுக்கொள்கின்றன, சோறும் போடுகின்றன. ஆனால் அவன் பேச வாய் திறந்தால் பழைய கதை முன்னே வந்து நிற்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கையில் அவனைக் கேட்பாரில்லை. பங்கிலும் அப்படியே: தேர்வடம் பிடிக்கவும், பாடகர் குழுவில் பாடவும், வின்சென்ட் தே பவுல் சபையில் உழைக்கவும் அவனை அழைக்க நாம் தயங்குகிறோம். திண்ணையில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் இன்னும் கிடைக்கவில்லை.

பெட்டிச் சாவியை முதல் நாளே ஒப்படையுங்கள் என்று நான் கூறவில்லை. அப்பழக்கத்தின் பிடி வலியது. விழிப்பும் மருத்துவரின் துணையும் இன்றியமையாதவை. மீண்டும் வழுக்கி விழுவோரும் உண்டு. ஆயினும் சிறிய பொறுப்பு ஒன்றையேனும் நம்பிக் கொடுக்கலாம் அன்றோ? பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லட்டும். மாலைச் செபத்தை அவனே தொடங்கட்டும். அவன் குரல் நடுங்கலாம். மற்றவர்கள் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். மெட்டு அவனுக்குத் தெரியும்.