45 நிமிஷத் திருக்கோவிலூர்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்விட்டு வந்த நண்பர், வருகிற வழியில் திருக்கோவிலூரையும் 'கவர்' பண்ணிவிட்டதாகச் சொன்னார்.

'எவ்வளவு நேரம் இருந்தீங்க?'

'45 நிமிஷம் சார். டீ குடிச்ச டைமையும் சேர்த்து!'

கவர் என்றால் உறை. அந்த அர்த்தத்தில் அவர் சொன்னது ரொம்பச் சரி. ஒரு ஊரை உறைக்குள் போட்டு ஒட்டி, ஸ்டாம்ப் குத்தி அனுப்பிவிட்டார்.

சிரிக்காதீர்கள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். நானும் செய்திருக்கிறேன். அதைவிட மோசம், 'ஒரே நாளில் ஒன்பது கோயில்' என்று பத்திரிகையில் எழுதி உங்களைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

சில வருஷங்களுக்கு முன்னால் வேனில் 14 பேராகக் கிளம்பினோம். என் மாமனாரும் வந்தார். தமிழாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். பாரியின் பெண்களைப் பற்றி முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். திருக்கோவிலூருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். நடை சாத்தியாகிவிட்டது. 192 அடி ராஜகோபுரத்தின் கீழே நின்று போட்டோ எடுத்தோம். மாமனார் மெதுவாக, 'கபிலர் குன்று எந்தப் பக்கம் மாப்ளே?' என்று கேட்டார். 'டைம் இல்லை மாமா, அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த 'அடுத்த தடவை' வருவதற்குள் மாமனாரின் இரண்டு முழங்காலும் போய்விட்டன.

அவர் கேட்ட குன்று என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்பெண்ணை ஆற்றுக்குள் கிடக்கிற ஒரு பாறை. உச்சியில் சின்னஞ்சிறு கோயில். பாரி இறந்த பிறகு அவனுடைய பெண்களைக் கரை சேர்த்துவிட்டு, நண்பன் இல்லாத உலகம் வேண்டாமென்று கபிலர் உயிரை விட்ட இடம் என்கிறது ஊர் மரபு. வடக்கிருந்தார் என்பார்கள், தீப்புகுந்தார் என்கிறது பக்கத்திலிருக்கும் கீழையூர் வீரட்டேஸ்வரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ராஜராஜனின் அம்மா வானவன்மாதேவி இந்த ஊர் மலையமான் வம்சத்துப் பெண். தாய்வீட்டுக் கதையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது. நமக்குத்தான் 45 நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களே ராத்திரி தங்கியவர்கள்தான்.

பொய்கையாழ்வார் காஞ்சிபுரம், பூதத்தாழ்வார் மாமல்லபுரம், பேயாழ்வார் மயிலாப்பூர். மூன்று பேரும் நம்ம சென்னைப் பக்கத்து ஆசாமிகள்! மழை பெய்கிற ஒரு ராத்திரி, திருக்கோவிலூரில் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அவ்வளவுதான் இடம். நெருக்குவது யார் என்று தேடியபோது நாலாவதாகப் பெருமாள் நின்றார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. ஆளுக்கு நூறாக மூன்று அந்தாதிகள் அன்றைக்குப் பிறந்தன என்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பெரிதாக பக்தி கிடையாது. ஆனால் மழை விட்டதும் வேன் ஏறியிருந்தால் அந்தாதி ஏது?

சரி, அது புராணம் என்று தள்ளுங்கள். 1896 ஆகஸ்ட் கடைசியில் வெங்கட்ராமன் என்ற 16 வயதுப் பையன், மதுரையில் வீட்டை விட்டு ஓடி, திருவண்ணாமலைக்குப் போகிறான். டிக்கெட்டுக்குக் காசு மாம்பழப்பட்டு வரைதான் காணும். மீதியை நடக்கிறான். ஆற்றுக்கு வடகரையில் அறையணிநல்லூர்க் கோயில், அப்புறம் கீழையூர்க் கோயில் என்று உட்கார்ந்து உட்கார்ந்து போகிறான். காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்குகிறான். இரண்டு ராத்திரி இந்தப் பக்கத்தில் கழித்துவிட்டு, செப்டம்பர் 1-ம் தேதி காலை ரயிலேறுகிறான். பிற்பாடு உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. திருவண்ணாமலைக்குப் போயே ஆக வேண்டும் என்று அவரைவிட அவசரப்பட்டவர் உண்டா? அவருக்கே இரண்டு ராத்திரி ஆனது. உங்களுக்கு என்ன சார் அவ்வளவு அவசரம்?

நான் படித்தது பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் பாடமே நிலைச்செலவு. சென்னையிலிருந்து 200 கிலோ மீட்டர் வருகிறீர்கள். பெட்ரோல், டோல், முதுகுவலி எல்லாம் ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. அரை மணி இருந்தாலும் அதே செலவு, இரண்டு நாள் இருந்தாலும் அதே செலவு. கூட ஆவது ரூம் வாடகையும் இட்லியும்தான். சேலையில் நூறு ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற நாம், இந்தக் கணக்கை மட்டும் போடுவதில்லை.

'தங்குகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கு?' என்பீர்கள். சாயங்காலம் போய்ச் சேருங்கள். உலகளந்த பெருமாளை நிதானமாகப் பாருங்கள். எல்லா ஊரிலும் இடது கையில் இருக்கும் சங்கு இவருக்கு வலது கையில் இருக்கிறது. க்யூவில் தள்ளிக்கொண்டு ஓடினால் இது கண்ணில் படவே படாது. மறுநாள் விடிகாலை கீழையூர், ஆறு, குன்று. மதியம் நடை சாத்தியிருக்கும். நீங்களும் தூங்குங்கள், லீவுதானே! வெயில் தாழ்ந்ததும் ஆற்றைத் தாண்டி அரகண்டநல்லூர். (அறையணிநல்லூர்தான் இப்படி ஆகிவிட்டது.) பாறை மேல் கோயில், குடைவரை எல்லாம் இருக்கின்றன. சம்பந்தர் இங்கிருந்துதான் அண்ணாமலையைக் கண்டார் என்பது மரபு. மூன்றாம் நாள் காலை கிளம்பலாம். இதில் எதை 45 நிமிஷத்தில் செய்வீர்கள்?

'லாட்ஜ் சரியில்லையே!' ஒப்புக்கொள்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் பாத்ரூமைப் பார்த்துவிடுங்கள். ஆனால் லாட்ஜ் ஏன் சரியில்லை? யாரும் தங்குவதில்லை, அதனால். யாரும் தங்காத ஊரில் எவன் நல்ல ரூம் கட்டுவான்? நல்ல ரூம் இல்லாத ஊரில் யார் தங்குவார்கள்? இந்தச் சக்கரத்தை ஊர்க்காரர்கள் நிறுத்த முடியாது. வருகிறவர்கள்தான் நிறுத்த வேண்டும். 45 நிமிஷக்காரர்கள் அந்த ஊருக்குக் கொடுப்பது ஒரு டீக்காசும் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலும்.

வெனிஸ் நகரத்துக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு 2024 ஏப்ரலில் ஒரு காரியம் செய்தார்கள். கூட்டம் அதிகமான நாட்களில், பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களுக்கு 5 யூரோ கட்டணம். ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. அங்கே கூட்டம் தாங்கவில்லை, இங்கே ஆளே நிற்பதில்லை. ஆனாலும் வந்தவன் தங்கினால்தான் ஊருக்கு லாபம் என்கிற கணக்கு ஒன்றுதான்.

போன தை மாதம் மாமனாரை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை வேன் இல்லை, 14 பேர் இல்லை, நாங்கள் இரண்டே பேர். குன்றுக்கு அவரால் மணலில் நடந்து போக முடியவில்லை. டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிக் கரையில் போட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் பாறை வரைக்கும் போய்விட்டு வந்தேன். 'ஏறினீங்களா மாப்ளே?' என்றார். 'ஏறினேன் மாமா.' 'மேலே காத்து எப்படி?' என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் லாட்ஜில் ரிஜிஸ்டரை நீட்டிய மேனேஜருக்கு நான் இரண்டு ராத்திரி என்றதும் ஆச்சரியம் தாங்கவில்லை.

'கல்யாணமா சார்?'

'இல்லை.'

'கோர்ட் வேலையா? சொத்து ஏதும் வாங்கறீங்களா?'

'இல்லைங்க, சும்மா ஊர் பார்க்க.'

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'வந்த காரணம்' என்ற கட்டத்தில், அவரே பேனாவை வாங்கி, 'சொந்த வேலை' என்று எழுதிக்கொண்டார்.