உத்தரவு கம்பெனியுடையது, கடன் குப்பத்துடையதா?

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு புது வரி கிளம்பியிருக்கிறது. சர்க்கார் போட்ட வரி அல்ல. எந்தச் சட்டசபையிலும் இதற்கு மசோதா வரவில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிற பெண், முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைக் கட்டியாக வேண்டும். ஆபீஸ் துரைமார் இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘ஃபார்மல்ஸ்’. நம் பாஷையில் சொன்னால், ஆபீசுக்கு ஏற்ற உடுப்பு.

மீனவப் பெண் எதை உடுத்தினால் நமக்கென்ன என்று மில் தொழிலாளித் தோழர் கேட்கலாம். வயலில் நாற்று நடுகிற அக்காவும் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பெண்ணும் பி.காம். படித்துவிட்டு நாளைக்கு இதே கேட்டில்தான் போய் நிற்கப் போகிறாள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று இங்கே உள்ள ஊர்களுக்கு ஏரியும் கடலும்தான் சோறு போட்டன. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போக வழியில்லை. கடல் தண்ணீர் ஏரிக்குள் வராவிட்டால் இறாலும் இல்லை. பாடு முறைப்படி தன் முறை வரும் நாளுக்குக் காத்திருந்து வலை கட்டினாலும், அன்றைய கூலி தேறாத நாட்கள் உண்டு. தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. மீன் கூடை சுமந்த அம்மாவின் மகள் பொன்னேரியில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கெல்லாம் வேலை தேடிப் போகிறாள். போகட்டும், நன்றாகப் போகட்டும்! கூடை சுமப்பதுதான் உன் குலத்தொழில் என்று சொல்ல நாம் ஒன்றும் மடாதிபதிகள் அல்ல.

ஆனால் கேட்டுக்குள் போவதற்கு முன்னால் நடக்கிற கூத்தைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம்; கம்பெனியின் பெயரும் வேண்டாம். பெண்ணுக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் ஆபீஸ் வேலை கிடைத்தது. கன்டெய்னர் கணக்கை எழுதுவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. மாதச் சம்பளம் 13,000. மேனேஜர் வடக்கத்திக்காரர். “திங்கட்கிழமை சூட் போட்டு வா” என்று டெலிபோனில் உத்தரவு போட்டார். வீட்டில் ஒரே கலவரம். சூட் என்றால் கோட்டும் கால்சட்டையும் என்றுதானே நமக்குத் தெரியும்? அம்மா தண்டல்காரரிடம் 5,000 ரூபாய் கடன் எழுதினார். 500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 4,500 கையில் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். வாரம் 500 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். சென்னைக்குப் போய் 3,600 ரூபாய்க்குக் கோட்டும் கால்சட்டையும், 850 ரூபாய்க்கு ஷூவும் வாங்கினார்கள். மீதி ஐம்பது ரூபாய் பஸ்ஸுக்கு.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மற்றப் பெண்கள் எல்லோரும் சுடிதாரில் உட்கார்ந்திருக்கிறார்கள்! வடக்கே ‘சூட்’ என்றால் நம் ஊர்ச் சுடிதார்தானாம். மேனேஜர் சிரித்தார், ஆபீஸ் சிரித்தது. கைநீளத்தைக் குறைத்துத் தைத்துவிட்ட கோட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கோட்டு இப்போது ஆணியில் தொங்குகிறது. தண்டல்காரர் ஞாயிறுதோறும் தவறாமல் வருகிறார்.

இது ஒரு மேனேஜரின் நாக்குப் பிசகு என்று தள்ளிவிட முடியாது. சுடிதார் என்றே அவர் தெளிவாகச் சொல்லியிருந்தாலும் அந்தக் காசு யார் வீட்டுக் காசு? அதுதான் கேள்வி.

இதே வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் பூட்டுகிற ஃபாக்டரிகளில் பெண்களுக்கு மேலங்கி கொடுக்கிறார்கள், தொப்பி கொடுக்கிறார்கள். முதலாளிக்கு இத்தனை கருணை எங்கிருந்து வந்தது என்று மலைக்காதீர்கள். சாதாரணத் துணி உரசுவதில் உண்டாகிற மின்சாரம் பட்டால் சில்லுகள் கெட்டுப்போகும். சரக்கைக் காப்பாற்றத்தான் அந்த அங்கி! சரக்குக்காக உடுப்பு என்றால் முதலாளி காசு. கம்பெனியின் முகப்பு அழகுக்காக உடுப்பு என்றால் மீன்காரம்மா காசு. இந்த நியாயத்தை எந்த நாட்டில் படித்தார்கள்?

இதற்குச் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. மில் தோழர்களுக்கு 1948-ம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டம் தெரிந்திருக்கும். ஓடுகிற யந்திரத்தருகே நின்று வேலை செய்கிறவர் இறுக்கமான உடை அணிய வேண்டும், அந்த உடையை ஃபாக்டரி நடத்துகிறவரே கொடுக்க வேண்டும் என்று அதன் 22-வது பிரிவில் எழுதினார்கள். வேலைக்காக உடை என்றால் அது வேலை கொடுப்பவரின் செலவு. 1948-லேயே ஒப்புக்கொண்ட விஷயம் இது. மத்திய சர்க்காரும் ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2017-ல், தன் ஊழியர்களுக்கு உடைப்படி நிர்ணயித்தது. ராணுவ அதிகாரிகளுக்கு வருஷத்துக்கு 20,000 ரூபாய், நர்சுகளுக்கு மாதம் 1,800 ரூபாய். நியாயமான படிதான், நமக்கு அதில் பொறாமை இல்லை. நிரந்தர உத்தியோகத்துக்குத் தெரிகிற நியாயம் கான்ட்ராக்ட் பெண்ணிடம் வந்ததும் ஏன் குருடாகிறது?

இன்னொன்றையும் பாருங்கள். 2014 ஜூலையில், சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு ஹைகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். உள்ளே விடவில்லை. நாடே கொதித்தது, அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் அது விருந்துக்குப் போகிறவரின் வேட்டியைக் காப்பாற்ற வந்த சட்டம். வேலைக்குப் போகிறவளின் நூல் சேலையைப் பார்த்து “இது ஆபீசுக்கு ஆகாது” என்று ஒரு சூபர்வைசர் முகம் சுளித்தால், எந்தச் சட்டசபை கொதிக்கப் போகிறது?

சேலை ஆகாது என்று சொல்ல இவர்கள் யார்? 2019-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை பற்றி ஓர் உத்தரவு போட்டார்கள். பெண்கள் சேலை கட்டலாம், துப்பட்டாவோடு சல்வார் கமீஸோ சுடிதாரோ போடலாம், நிறம் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கோட்டைக்குள் கோப்பு பார்க்க அது போதும். கன்டெய்னர் கணக்கு எழுதப் போதாதா?

நம் பக்கத்திலும் சிலர் ஒரு பேச்சுப் பேசுகிறார்கள். “பெண்களுக்குக் கோட்டும் பேண்டும் எதற்கு? சேலை நம் பண்பாடு” என்கிறார்கள். இந்தப் பேச்சையும் சும்மா விடக்கூடாது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடித்துக் கிழித்தவர்களும் பண்பாட்டின் பெயரைத்தான் சொன்னார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் மகாராஜா மார்பை மூட அனுமதித்தார். அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டார்! கீழத்தஞ்சையில் பண்ணையாள் தோளில் துண்டு போடுவதற்கே சண்டை போட வேண்டியிருந்தது. ஆகவே பெண் கோட்டு போட ஆசைப்பட்டால் போடட்டும். அது அவள் உரிமை. கட்டாயப்படுத்தினால் மட்டும், கட்டாயப்படுத்துகிறவன் பையிலிருந்து பணம் வரட்டும்.

இதில் பழவேற்காட்டுக்கென்று தனியாக ஒரு கசப்பு உண்டு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். எதற்கு? துணிக்கு! சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கப்பலேற்றி, கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு இங்கிலீஷ் அகராதியில் இந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. துணி போன அதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி பட்டேவியாவுக்கு ஏற்றினார்கள். உலகத்துக்கு உடுத்திவிட்ட கரை, தன் மகளின் உடுப்புக்குத் தண்டல் வாங்குகிறது.

சரி, உடைப்படி கிடைக்கும் வரையில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே கடைக்காரனும் கந்துக்காரனும் சேர்ந்து கொள்ளையடிக்காதபடி வாங்குவது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில், என்ன உடுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வாய் உத்தரவுக்குச் செலவு செய்யாதீர்கள். கோட்டு கட்டாயம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் கோட்டின் பக்கமே போக வேண்டாம். கடலோரப் புழுக்கத்தில் பாலியஸ்டர் கோட்டு போட்டுக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் நின்று போய்ப் பாருங்கள், தெரியும். வீட்டில் துவைக்கவும் முடியாது. சலவைக் கடைக்குத் தனியே அழ வேண்டும். வரியும் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு உட்பட்ட உடுப்புக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம்.

முதல் மாதத்துக்கு இரண்டு மேல்சட்டை, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி அடர்ந்த நிறத்தில் கால்சட்டை, துப்பட்டா போதும். மூன்றாவதைச் சம்பளம் வந்த பிறகு பார்க்கலாம். பருத்தித் துணி, அல்லது பருத்தி கலந்த துணி. கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். மடிப்பு அப்படியே நின்றால் தினமும் இஸ்திரிக்குக் காசு போகும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வெள்ளை வேண்டாம். குப்பத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நாலு துவைப்பில் மஞ்சளடிக்கும். சாம்பல், கருநீலம், காப்பிப்பொடி நிறம் நல்லது. தைப்பதற்கு முன் துணியை ஓர் இரவு நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு போட்டாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். பொன்னேரிக் கடைத்தெருவில் விசாரித்தேன். துணி ஒரு செட் 600 முதல் 900 ரூபாய், தையற்கூலி 350 முதல் 500. குப்பத்திலேயே தையல் படித்த பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலி ஊரிலேயே நிற்கட்டும்.

கோ-ஆப்டெக்ஸை மறக்க வேண்டாம். 1935-ல் கைத்தறி நெசவாளருக்காகத் துவங்கிய கூட்டுறவு அது. பண்டிகைத் தள்ளுபடி சமயத்தில் வாங்கினால் நெசவாளிக்கும் சோறு, நமக்கும் லாபம். ஆனால் அங்கேயும் வட்டியில்லாத தவணை விற்பனை சர்க்கார் ஊழியருக்குத்தான். மாதச் சம்பளம் வாங்குகிற கான்ட்ராக்ட் பெண்ணுக்கும் அதைக் கொடுத்தால் தண்டல்காரன் கடையைக் கட்டுவான். இதைக் கைத்தறி மந்திரியிடம் கேட்டே தீர வேண்டும்.

கடையில் பேரம் பேசும்போது எதிரே நிற்கிற பெண்ணிடம் எரிந்து விழாதீர்கள். அவளும் நம்மைப் போலத்தான். கடைச் சிப்பந்திகள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று இந்த ராஜ்யத்தில் 2021-ல்தான் சட்டமே வந்தது.

ஒரே வேனில் வேலைக்குப் போகிற பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து கான்ட்ராக்டருக்கு மனு எழுதியிருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு செட் துணி, தையற்கூலி, உடை விதி தமிழில் எழுத்து மூலம், சேலைக்குத் தடை கூடாது. இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். மனு போய் மூன்று வாரம் ஆகிறது. “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்று சூபர்வைசர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு, சேலையோ சுடிதாரோ போதும் என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.