உம்ராப் பயணமும் ரோமிங் விரயமும்

 

பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடைந்தும், மீன் இறால் வியாபாரம் செய்தும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் நம் பெரியவர்கள் பலர் உம்ராவுக்குச் செல்கின்றனர். அந்தப் பணத்தை ஜித்தாவில் இறங்கியதும் கைப்பேசிக்குத் தின்னக் கொடுப்பது என்ன நியாயம்?

ரோமிங் திட்டம் எதுவும் போடாமல் இந்திய சிம்மில் டேட்டாவைத் திறந்தால், நாம் தொடாமலேயே வாட்ஸ்அப் படங்கள் இறங்கும், கட்டணமும் ஏறும். "வங்கி ஓடிபி வருமே, எண்ணை எப்படி மாற்றுவது?" என்பர் சிலர். மாற்ற வேண்டியதே இல்லை. புறப்படுமுன் ரோமிங் வசதியைப் பெற்று, இந்திய சிம்மைக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்து, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். டேட்டாவுக்கு எஸ்டிசி, மொபைலி, ஸைன் ஆகியவற்றுள் ஒரு சவூதி சிம் போதும். கடவுச்சீட்டும் கைரேகையும் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் பழைய எண்ணே தொடரலாம்.

ஆனால், குற்றம் பயணியுடையது மட்டுமா? தவாஃப் செய்பவரை அழைத்து, "கஅபாவைக் காட்டுங்கள்" என நச்சரிப்பவர்கள் வீட்டிலிருக்கும் நாமல்லவா? துணி ஏற்றி மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் கப்பல் சென்ற கரை இது. மாதக்கணக்கில் செய்தி வராதபோதும் அன்றைய குடும்பங்கள் துஆவோடு காத்திருந்தன. நமக்கு ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை!

வீண்விரயத்தைத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் வன்மையாகக் கண்டிக்கிறது. பணத்தின் விரயத்தை சிம் மாற்றித் தடுக்கலாம். வணக்கத்தின் விரயத்தை நம் மனம் மாறினால்தான் தடுக்க முடியும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவை வழங்குவானாக!