மலையில் இருப்பவனைக் கேட்டீர்களா?

ஒரு கம்பெனி ஓர் ஊரில் ஆலை வைக்கப் போகிறது, அல்லது சுரங்கம் தோண்டப் போகிறது. அதனால் அந்த ஊர் ஜனங்களின் உரிமைகளுக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதற்கு 'மனித உரிமைத் தாக்க மதிப்பீடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. 2011-ல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட 31 கோட்பாடுகளில் கம்பெனிகளுக்கு இந்தக் கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கப்படக் கூடியவர்களோடு கலந்து பேசித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. இவ்வளவும் இருக்க, நடைமுறையில் இது வெறும் சடங்காகிவிட்டது என்று நான் ஏன் சொல்கிறேன்?

காரணம் எளிது. ரிப்போர்ட் எழுதுகிற நிபுணருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. நம் நாட்டில் 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி நடக்கும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலும் இதே ஏற்பாடுதான். பிள்ளை வீட்டாரே ஜோசியருக்குத் தட்சிணை கொடுத்து, பிள்ளையின் ஜாதகத்தைப் பெண் வீட்டில் போய்ப் படித்துக் காட்டச் சொன்னால், அதில் செவ்வாய் தோஷம் தென்படுமா? ஜோசியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரை நாளைக்கும் நாலு பேர் கூப்பிட வேண்டும் அல்லவா?

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வாக்கியங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது என் தொழில். இத்தகைய ரிப்போர்ட்டுகளின் நடையைக் கவனியுங்கள். 'குடும்பங்கள் இடம் பெயர்க்கப்படும்' என்று எழுதுகிறார்கள். பெயர்ப்பது யார்? வாக்கியத்தில் அவன் இல்லை. 'மாற்று வாழ்வாதாரம் ஏற்படுத்தப்படும்.' யார் ஏற்படுத்துவது, எப்போது? அதற்கும் ஆள் இல்லை. கெடுதல் செய்கிறவனை வாக்கியத்திலிருந்து ஒளித்துவிட்டு, கெடுதலை அனுபவிக்கிறவனை எண்ணாக மாற்றிவிட்டால், யார் மீதும் பழி விழாத ஒரு கதை கிடைத்து விடுகிறது. என் பத்திரிகை ஆசிரியர் அப்படி ஒரு கதையை ஒரு நாளும் வாங்கமாட்டார். சர்க்கார் மட்டும் வாங்கிக்கொள்கிறது.

வெறுமனே பேசுவானேன்? ஒடிசாவில் நியமகிரி என்று ஒரு மலைத்தொடர். அங்கே டோங்ரியா கோந்த் என்ற ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள். மலை அவர்களுக்கு நியமராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடம். அந்த மலையுச்சியில் பாக்சைட் இருக்கிறது; அலுமினியத்துக்கு அதுதான் மூலப்பொருள். வேதாந்தா கம்பெனி மலையடிவாரத்தில் லாஞ்சிகரில் சுத்திகரிப்பு ஆலைக்கு 2004-ல் அனுமதி வாங்கிக் கட்டியது. மலையைத் தோண்ட அப்போது அனுமதியே கிடைத்திருக்கவில்லை. முதலில் அடுப்பை மூட்டி உலையை வைத்துவிட்டு, பிறகு அண்டை வீட்டுக்காரனிடம் போய், "உன் அரிசியைத் தருவாயா, மாட்டாயா?" என்று கேட்பது போலத்தான் இது. அந்தக் கேள்விக்கு என்ன மரியாதை இருக்கும்?

அந்தக் கேள்வியைக்கூட அவர்கள் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று சொன்னது நானல்ல. பிரிட்டிஷ் சர்க்காரின் ஓர் அமைப்பு. கம்பெனியின் தலைமையகம் அப்போது லண்டனில் இருந்ததால் புகார் அங்கே போயிற்று. 2009 செப்டம்பரில் அந்த அமைப்பு தீர்ப்புச் சொன்னது: சுரங்கத்தைப் பற்றி டோங்ரியா கோந்த் மக்களோடு கம்பெனி தக்க முறையில் கலந்து பேசவில்லை, அவர்களுடைய உரிமைகளைக் கருதிப் பார்க்கவில்லை, இனிமேலாவது மனித உரிமைத் தாக்க மதிப்பீட்டைத் தன் நிர்வாகத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். அதாவது, வேலையெல்லாம் ஆன பிறகு மதிப்பீட்டைப் பற்றி அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது!

2010-ல் மத்திய சர்க்கார் நியமித்த சக்சேனா குழு, காட்டுரிமைச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று எழுதியது. அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி நீதிபதிகள் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் இன்னொரு நிபுணர் குழுவைப் போடவில்லை. 'கிராம சபையைக் கேளுங்கள்' என்றார்கள். மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 கிராமங்களில் சபை கூடிற்று. மலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது மாநில சர்க்கார். அப்படியிருந்தும் பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றே சொல்லின. 2014 ஜனவரியில் மத்திய சர்க்காரும் சுரங்கத்துக்கு அனுமதியில்லை என்று முடித்தது.

மனித உரிமைத் தாக்க மதிப்பீடு என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், நான் அந்தப் பன்னிரண்டு கூட்டங்களைத்தான் காட்டுவேன்.

"அப்படியானால் தொழிலே வேண்டாமா? உம்முடைய வீட்டுக் குக்கர் அலுமினியம் இல்லையா?" என்று சில நண்பர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். அலுமினியம் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் லாஞ்சிகர் ஆலை நியமகிரி இல்லாததால் நின்று போய்விடவில்லை. வேறு இடத்து பாக்சைட்டைக் கொண்டு அது ஓடத்தான் செய்கிறது. 'இந்த மலை இல்லாவிட்டால் தேசமே முழுகிப் போகும்' என்ற பயமுறுத்தல் எவ்வளவு கனமுள்ளது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. தவிர, என் வீட்டுக் குக்கருக்காக இன்னொருவன் தன் தெய்வத்தின் இருப்பிடத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவன் மறுத்தால் திரும்பி வருகிற நாகரிகமாவது நமக்கு வேண்டாமா?

ஒடிசாவைப் பற்றி நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2013-ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. தனியார் கம்பெனிக்காக என்றால் பாதிக்கப்படுவோரில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்றது. நம் தமிழ்நாடு என்ன செய்தது? தொழிலுக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் நிலம் எடுக்கத் தன்னிடமிருந்த பழைய சட்டங்களை அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. சென்னை ஹைகோர்ட் 2019 ஜூலையில் அது செல்லாது என்றதும், அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சட்டப்படி செல்லும், சரி. நியாயப்படி?

நான் கேட்பது மூன்றே மூன்று காரியங்கள். மதிப்பீடு செய்கிறவருக்குக் கம்பெனி நேராகப் பணம் கொடுக்கக்கூடாது. பணம் ஒரு பொது நிதியில் சேரட்டும், ஆளை அந்த ஊர் ஜனங்கள் தேர்ந்தெடுக்கட்டும். ரிப்போர்ட் முழுவதும் அவர்கள் பேசுகிற மொழியில், முதல் கல் நடுவதற்கு முன்பே அவர்கள் முன்னிலையில் படிக்கப்படட்டும். மூன்றாவதுதான் முக்கியம்: 'வேண்டாம்' என்ற விடைக்கும் அதில் இடம் இருக்கட்டும். எந்த விடை வந்தாலும் ஆலை வரத்தான் போகிறது என்றால், அதற்கு மதிப்பீடு என்ற பெயர் எதற்கு? அறிவிப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாமே.