பயமில்லாமல் நடக்கத் தெரு வேண்டும்!

ஜனங்கள் நடப்பதை மறந்துவிட்டார்கள் என்று பட்டணத்துக் கனவான்கள் வருத்தப்படுகிறார்கள். தினம் அரை மணி நேரம் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஷிப்டு முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, விளக்கில்லாத சந்தில் ஒரு மைல் நடக்கும் தொழிலாளிக்கு நடையின் மகிமையை யார் போதிக்க வேண்டும்?

தொழிலாளர்கள் வேலைக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்று 2011 ஜனத்தொகைக் கணக்கில் கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற வேலைகளில் இருந்த சுமார் 20 கோடிப் பேரில், ஐந்தில் ஒருவருக்கு மேல் கால்நடையாகவே போய் வந்தார்கள். இந்த நடைக்கு நாடு கொடுத்த மரியாதை என்ன? 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர்.

எண்ணம் எங்கிருந்து வருகிறது?

ஒருவர் தமது பேட்டையைப் பற்றி என்ன நினைக்கிறாரோ, அதைப் பொறுத்தே அவர் நடப்பதும் நடக்காததும் என்று நகரங்களை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். பத்திரமான தெரு என்று தோன்றினால் நடப்பார். பயமாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவார், அல்லது வண்டி ஏறிவிடுவார்.

இது பாதி உண்மை. வண்டி ஏறக் காசு உள்ளவனுக்குத்தான் மனம்போல் முடிவு செய்யும் வசதி உண்டு. நமக்கு அது இல்லை. பயந்தாலும் நடந்தாக வேண்டும்.

அந்தப் பயம் வெறும் மனப்பிராந்தியா? இல்லை. எரியாத விளக்கும், மூடாத சாக்கடையும், சாராயக் கடை வாசல் கூட்டமும், பிளாட்பாரத்தின் மேல் நிறுத்திய காரும் சேர்ந்து உண்டாக்கியது அது. எண்ணூரிலும் மணலியிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் தாயிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பயன் என்ன? அதே சென்னையில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019ல் அகலமான நடைபாதை போட்டார்கள். ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு நடக்கிறார்கள். தெரு மாறினால் எண்ணமும் மாறும். கடைவீதிக்குக் கிடைத்தது தொழிலாளர் பேட்டைக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே நம் கேள்வி.

தெருவுக்குக் கண் வேண்டும்

ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961ல் அமெரிக்க நகரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தெருவைக் காப்பது போலீஸ் மட்டுமல்ல, அங்கே கடை வைத்திருப்பவர், வாசலில் நிற்பவர், போகிறவர் வருகிறவர் ஆகியோரின் கண்களே என்றார். நமக்கு இது தெரிந்த சங்கதி. இட்லிக் கடை ஆயாவும், இஸ்திரி வண்டிக்காரரும், டீக்கடை பெஞ்சும் இருக்கும் தெருவில் நம் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று இவர்களை விரட்டினால் தெருவின் கண்ணைப் பிடுங்கியதாகும். தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க 2014லேயே சட்டம் வந்துவிட்டது. நடப்பவருக்கும் விற்பவருக்கும் சண்டை மூட்ட வேண்டியதில்லை. இருவருக்கும் இடம் காணலாம், காரை நகர்த்தினால்!

குடிசைகளைப் பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கு ஜனங்களைக் கொண்டுபோனார்களே, அங்கே என்ன நடந்தது? தலைமுறை தலைமுறையாக முகம் தெரிந்த பக்கத்து வீட்டார் பிரிந்தார்கள். முன்பின் தெரியாத பல பேட்டைக்காரர்கள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டார்கள். வேலையோ பழைய இடத்தில். பிறகு "அது ரவுடிப் பேட்டை" என்று வெளியார் பட்டம் கட்டினார்கள். முகவரி சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் குமுறுகிறார்கள். பேட்டையைப் பற்றிய எண்ணம் சோற்றிலும் கை வைக்கிறது.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உழைக்கும் பெண்களுக்குப் பெரிய உதவி இது. ஆனால் பஸ் வீட்டு வாசலுக்கு வராதே! நிறுத்தத்திலிருந்து வீடுவரை உள்ள இருட்டுக்குப் பயந்து ஒரு சகோதரி இரண்டாவது ஷிப்டு வேலையை விட்டால், அவள் இழப்பது கூலி.

சலுகை அல்ல, உரிமை

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆண்டை தெருவைக் கடந்த காலத்தைக் கிராமத்து விவசாயத் தொழிலாளி மறக்கமாட்டார். 1924ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்து வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காக மனிதர்கள் சிறை சென்றார்கள். யார், எந்தத் தெருவில், தலை நிமிர்ந்து நடக்கலாம் என்பது என்றுமே உரிமைப் பிரச்னைதான்.

நடப்பவருக்கு முதலிடம் என்று சென்னை மாநகராட்சி 2014ல் கொள்கை வகுத்தது. தடையில்லாத நடைபாதை, உயிர் வாழும் உரிமையைக் கூறும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது. காகிதத்தில் உரிமை ஏறிவிட்டது. தெருவில் இறக்குவது நம் வேலை.

பேட்டைதோறும் கூடுவோம். எந்தச் சந்து இருட்டு, எந்த இடத்தில் சாலையைக் கடக்க முடியவில்லை, எந்த நிறுத்தத்தில் நிற்கப் பயம் என்று பெண்களைக் கேட்டு எழுதுவோம். அவர்களை முன்னே நிறுத்தி வார்டு ஆபீசுக்குப் போவோம். விளக்கு வேண்டும், நடைபாதை வேண்டும், கடைசி ஷிப்டுக்குப் பஸ் வேண்டும் என்று கேட்போம். கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போவோம். நடக்க நமக்குத் தெரியும்!